ஆயில் பிரஷர் முள் ஆடியபோது: துள்ளலா, அலையா?

நான் மெக்கானிக் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் உட்காரக்கூடிய பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, அவ்வளவுதான். எஞ்சின் லைகமிங் கம்பெனியின் ஓ-320, 150 குதிரைத்திறன். வேலையைச் செய்வதும் கையெழுத்துப் போடுவதும் லைசென்ஸ் உள்ள எஞ்சினியர். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பேன், துணி எடுத்துக் கொடுப்பேன், சில சமயம் செய்யக்கூடாததையும் செய்துவைப்பேன். இந்தக் கதையில் அப்படி ஒன்று வருகிறது.

எங்கள் கேஜில் ஆயில் பிரஷருக்குப் பச்சைக் கோடு 60 முதல் 90 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை. ஐடிலிங்கில், அதாவது எஞ்சின் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது, 25-க்குக் கீழே போகக்கூடாது, மேலே 100-ல் சிவப்பு. வழக்கமாக முள் 75 பக்கம் போய் உட்கார்ந்துவிடும். பல வருடம் அங்கேயே பார்த்துப் பழகியதால் அதை நான் பார்ப்பதையே விட்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வருடாந்திரப் பரிசோதனை முடிந்து இரண்டாவது பறப்பு. மேலேறிக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் ஏதோ துடித்தது. பார்த்தால் ஆயில் பிரஷர் முள் 75-லிருந்து விசுக்கென்று சிவப்பைத் தாண்டிப் போய் முட்டிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது. பத்து நொடி ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு துள்ளல். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆயில் வெப்பநிலை அதன் இடத்தில் இருந்தது. ரன்வேயை வழக்கமான பாதையில் ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கிவிட்டேன். இறங்கியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் அடுத்த நாள் எஞ்சினியரிடம் ‘பிரஷர் கூடிக் கூடிக் குறையுது சார்’ என்று நான் சொன்ன விதம் தப்பு. அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

‘கூடுச்சா, குதிச்சுதா?’

எனக்கு அந்த வித்தியாசமே அப்போது புரியவில்லை. அவர் சொன்னார்: ‘எண்ணெய்க்கு அவ்வளவு அவசரம் கிடையாது தம்பி. அரை நொடியில 75-லருந்து 100 போய்ட்டு அதே இடத்துக்குத் திரும்பி வராது. அப்படிப் போனா அது எண்ணெய் இல்ல, ஒயர்.’

அதோடு இன்னொன்றையும் சொன்னார், அதைத்தான் நான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கள் விமானத்தில் இருப்பது மின்தடை மாறும் வகை சென்சார். பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 180 ஓம். அதாவது தடை கூடினால் முள் ஏறும். எங்காவது இணைப்பு விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் போய்விடும், முள் உச்சிக்குப் போய் முட்டும். அதே ஒயர் எங்காவது உரசி விமானத்தின் உலோக உடலோடு சேர்ந்துவிட்டால் முள் பூஜ்யத்துக்கு விழும். எனவே உச்சிக்குத் துள்ளினால் விட்டுப்போன இணைப்பைத் தேடு, பூஜ்யத்துக்கு விழுந்தால் உரசிய ஒயரைத் தேடு. ஆனால் எல்லா சென்சாரும் இப்படி இல்லை. பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழுப் பிரஷரில் 33 ஓம் என்று தலைகீழாக வேலை செய்பவையும் உண்டு, அங்கே இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். உங்கள் சென்சார் எந்த வகை என்று தெரியாமல் முள்ளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எஞ்சின் மூடியைக் கழற்றி, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் உடலிலும் இன்னொன்றை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 40 ஓம் காட்டியது. சென்சாரை விரலால் லேசாக அசைத்தார், எண் 12-க்கு இறங்கி, 60-க்கு ஏறி, ஒரு கணம் ஒன்றுமே காட்டாமல் போனது. இந்த வகை சென்சாருக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. அதன் திருகு மறை எஞ்சினோடு தொட்டுக்கொண்டிருப்பதுதான் எர்த். அதைக் கழற்றிக் கையில் எடுத்ததும் மறைச் சுற்றுகளுக்குள் வெள்ளை வெள்ளையாக டெஃப்லான் டேப் நூல் நூலாகக் கிழிந்து தொங்கியது.

‘இதை யார் சுத்துனது?’

நான்தான். பரிசோதனையின்போது சென்சாரைத் துடைத்துத் திரும்ப மாட்டச் சொன்னார், வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் செய்வதுபோல நாலு சுற்று சுற்றி இறுக்கி வைத்தேன், கசியாது பாருங்கள் சார் என்று பெருமையாக வேறு சொன்னேன். கசியவில்லைதான். மின்சாரமும் போகவில்லை. அவர் திட்டவில்லை, ஆனால் அந்த நூலில் ஒன்றைப் பிய்த்து என் கையில் வைத்து, இது மறையின் நுனியிலிருந்து உள்ளே போய் எண்ணெய்த் துளையில் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, நுனியில் இரண்டு சுற்றை விட்டுவிட்டு மீதியில் சீலன்ட் களிம்பை மெல்லிசாகத் தடவி மாட்டினார். உடலைச் சுற்றி ஒரு கிளாம்ப் போட்டுத் தனியாக ஓர் எர்த் ஒயரும் இழுத்துவிட்டார். மீட்டர் 0.2 ஓம் காட்டியது. துள்ளல் போயிற்று.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, நாற்பது நிமிடம் போலப் பறந்தபின், முள் மறுபடியும் அசைந்தது. இந்த முறை துள்ளவில்லை. 75-லிருந்து மெதுவாக 66-க்கு இறங்கி, நாலைந்து நொடியில் மெதுவாகத் திரும்பி ஏறியது, நிற்கப்போகிற ஊஞ்சல் மாதிரி. நான் அதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த எர்த் ஒயர் மறுபடியும் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது, அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். ‘கூடுச்சா, குதிச்சுதா’ என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்தும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் பங்காளிகளில் ஒருவர் போய்வந்து அதே மாதிரி ஆடியதாகச் சொன்னார், கேஜ் கோளாறுதான் என்று நானே அவருக்குச் சமாதானம் சொன்னேன், அவர் அதை மூன்றாமவருக்குச் சொன்னார். ஒரு முறை கேஜ் பொய் சொன்னது என்று நிரூபணம் ஆகிவிட்டால், அதன்பிறகு அது உண்மை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. எங்கள் தப்பு முழுக்க இந்த இடத்தில்தான்.

அந்தச் சமயத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருந்தாலே விஷயம் பிடிபட்டிருக்கும். எர்த் கோளாறுக்கு எண்ணெய் சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்று தெரியாது. ஆனால் இந்த அசைவு முதல் அரைமணி நேரத்தில் வரவே இல்லை, எண்ணெய் நன்றாகச் சூடாகி இளகியபின்தான் ஆரம்பித்தது. எர்த் கோளாறு இறக்கிவிட்டு நாலைந்து நொடியில் நிதானமாக ஏற்றாது. போதாக்குறைக்கு எங்கள் சென்சாரில் இணைப்பு தளர்ந்தால் முள் ஏறும் என்று அவரே விளக்கியிருந்தார், இது இறங்கிக்கொண்டிருந்தது.

நல்ல வெயில் நாள் ஒன்றில், புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 15 நிமிடத் தொலைவில், முள் 54-க்கு இறங்கியது. பச்சைக்கு வெளியே. ஏறும்போதும் 62-க்கு மேல் வரவில்லை. ஆயில் வெப்பநிலை வழக்கத்தைவிட ஐந்தாறு டிகிரி கூட. அதிகம் ஒன்றுமில்லை, ஆனால் பிரஷர் இறங்குகிறது, வெப்பம் ஏறுகிறது என்று இரண்டும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்குமேல் கேஜைக் குறை சொல்ல முடியாது. வயிற்றில் ஏதோ செய்தது. திருப்பினேன். பவரைக் கொஞ்சம் குறைத்தேன், உயரத்தை விடவில்லை, ரன்வேக்கு மேலே வந்து சேரும்வரை கீழிறங்கவே இல்லை. எஞ்சின் நின்றாலும் மிதந்துபோய் இறங்கிவிடும் தூரத்துக்கு வந்தபின்தான் பவரை முழுக்கக் குறைத்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரஷர் விழுந்து வெப்பநிலை ஏறாமல் இருந்தால் அது கேஜ் கோளாறுதான் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் எண்ணெயே வெளியே போய்விட்டால் வெப்பநிலை சென்சாரைத் தொட்டு ஓடுவதற்கு எண்ணெய் இருக்காது, அப்போது அதன் முள் ஒழுங்காக நின்றுகொண்டே இருக்கலாம். அதனால் வெப்பநிலை சரியாக இருக்கிறது என்பதைப் பதறாமல் இருப்பதற்கு ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம், பயணத்தைத் தொடர்வதற்குக் காரணமாக வைத்துக்கொள்ளக்கூடாது.

இறங்கித் தரையில் டாக்ஸி செய்து நிறுத்துமிடத்துக்குப் போகையில், சூடான எஞ்சின் ஐடிலிங்கில், முள் 22-க்கும் 27-க்கும் நடுவே அலைந்தது. டாக்ஸிவேயின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு மீதித் தூரம் தள்ளிக்கொண்டு போனோம்.

எஞ்சினியர் இந்த முறை மீட்டரைத் தொடவே இல்லை. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தார், 8 குவார்ட்டில் 6 இருந்தது, நுரை இல்லை. எண்ணெய் குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாய் திருப்பத்திலோ ஏற்றத்திலோ காற்றை இழுத்து முள்ளை ஆட்டும், அளவுக்கு மேல் ஊற்றினாலும் நுரைத்துத் தொல்லை தரும். எங்களுடையது நேராகப் பறக்கும்போதே ஆடியது, அதனால் அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டார். அடுத்து, சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு டி இணைப்பைப் போட்டு, அளவு சரிபார்த்த இயந்திரக் கேஜ் ஒன்றைக் குழாயில் மாட்டினார். தரையில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கினோம். 20 நிமிடம் வரை இரண்டு கேஜும் அசையவில்லை. அப்புறம் இரண்டும் சேர்ந்தே இறங்கின, சேர்ந்தே ஏறின. ஒயரே இல்லாத கேஜ் ஆடுகிறது என்றால் ஆடுவது எண்ணெய். ஒரு மணி நேர வேலை இது. முதல் அலை வந்த அன்றே இதைச் செய்திருக்க வேண்டும்.

கொஞ்சம் இயக்கம் தெரிந்தால்தான் மீதி புரியும். ஆயில் பம்ப் இரண்டு பற்சக்கரங்கள், அவ்வளவுதான். சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளிக்கொண்டே இருக்கும், பிரஷரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தள்ளிய எண்ணெய் பேரிங்குகளின் சிறு இடைவெளிகள் வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால் பிரஷர் உருவாகிறது. அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது ரிலீஃப் வால்வு. ஒரு எஃகுக் குண்டு, அதை ஒரு ஸ்ப்ரிங் வட்டமான வால்வு சீட்டில் அழுத்திக்கொண்டிருக்கும். பிரஷர் ஸ்ப்ரிங்கை வென்றால் குண்டு கொஞ்சம் விலகும், உபரி எண்ணெய் சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிக்கு, திரும்பும். இந்தக் குண்டு சீட்டில் சரியாக உட்காரவில்லை என்றால், ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) அதிகமாக இருக்கும்போது பம்ப் தள்ளும் அளவு அந்தக் கசிவை மறைத்துவிடும். ஐடிலிங்கில், அதுவும் எண்ணெய் இளகியிருக்கும்போது, மறைக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் சூடான ஐடிலிங் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாங்கள் எழுதி வைக்கவில்லை.

பேரிங் தேய்ந்திருந்தாலும் பிரஷர் குறையும், எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. ஆனால் அது மாதக்கணக்கில் படிப்படியாக இறங்கும், நொடிக்கணக்கில் ஏறி இறங்காது. இருந்தாலும் அவர் முதலில் ஃபில்டரைத்தான் அறுத்தார். மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, வெள்ளைத் துணியில் விரித்து, காந்தத்தை மேலே ஓட்டினார். உலோகம் இல்லை. கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும் துகள்கள் மட்டும். சம்ப்பில் இருக்கும் உறிஞ்சு சல்லடையிலும் அதே துகள்கள். கரி.

ரிலீஃப் வால்வு இந்த எஞ்சினில் வலது பக்கம் மேலே, 3-ம் சிலிண்டருக்கு முன்னால் இருக்கிறது. கழன்றுவிடாமல் கட்டியிருந்த சேஃப்டி வயரை வெட்டி, வால்வின் மூடியைத் திருகி எடுத்தார், ஸ்ப்ரிங் வெளியே வந்தது, பிறகு குண்டு. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் உருட்டிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பளபளவென்று இருந்தது, ஒரு பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு வளையம். நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டுப்பட்டது, அவ்வளவு மெல்லிய பள்ளம். பிறகு சீட்டை டார்ச் அடித்துக் காட்டினார். அதன் விளிம்பில் அரைக் கடுகு அளவுக்கு ஒரு கரித்துகள், அழுந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் சூடாகி ஓட்டம் மாறும்போதெல்லாம் குண்டு அந்தத் துகளின்மேல் ஒருமுறை, அதைவிட்டு நகர்ந்து ஒருமுறை என்று உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஊஞ்சல் அதுதான்.

பங்காளிகளில் ஒருவர் அப்போது கேட்டார், வாஷர் போட்டுப் பிரஷரைக் கூட்டிவிட்டால் என்ன என்று. முட்டாள்தனமான கேள்வி இல்லை. இந்த வகை வால்வில் ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் வாஷர் சேர்த்துப் பிரஷரை ஏற்றுவது முறையான வழிதான், ஒரு வாஷருக்குச் சுமார் 5 பிஎஸ்ஐ. எஞ்சினியர் சொன்னது: ‘போடலாம். முள் பச்சைக்குள்ள வந்துடும், நீங்களும் சந்தோஷமா பறப்பீங்க, குண்டு அங்கேயேதான் நொண்டிக்கிட்டு இருக்கும்.’ நிலையாக நின்று, ஆனால் குறைவாகக் காட்டும் பிரஷருக்குத்தான் வாஷர். ஆடும் பிரஷருக்கு இல்லை. எஞ்சின் நலிந்துகொண்டே வர, யாரோ வருடத்துக்கு ஒரு வாஷர் சேர்த்துக்கொண்டே வந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். பழைய விமானம் வாங்குகிறவர்கள் அந்த மூடிக்குள் எத்தனை வாஷர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புதுக் குண்டு, புது ஸ்ப்ரிங். சீட்டில் பள்ளம் ஆழமாக இல்லாததால் சுத்தம் செய்து லேசாகச் சரிசெய்ததே போதுமானதாக இருந்தது, ஆழமாக இருந்திருந்தால் செலவும் வேலையும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கரி எங்கிருந்து வந்தது? இதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்று லைகமிங் சொல்கிறது. ஃபில்டர் இல்லாமல் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் மணிக் கணக்கை மட்டும் பார்த்தோம். 11 மாதத்தில் 31 மணி நேரம்தான் பறந்திருந்தோம், அதனால் இன்னும் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். வருடாந்திரப் பரிசோதனையில் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். எண்ணெய் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, 50 வரட்டும் என்று தள்ளிப்போடச் சொன்னதும் நாங்கள்தான்.

என் நண்பர் ஒருவருக்கு ரோட்டாக்ஸ் 912 என்ற வேறொரு எஞ்சினில் இதே மாதிரி அலை வந்தது, காரணம் முற்றிலும் வேறு. அதில் எண்ணெய் தனி டேங்க்கில் இருக்கும், பம்ப் அதை ஹோஸ் வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும். ஹோஸ் மாற்றியிருக்கிறார்கள், ஒரு கிளாம்ப் சரியாக இறுகவில்லை. உறிஞ்சும் பக்கம் என்பதால் அங்கே எண்ணெய் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் வெளியே எவ்வளவு துடைத்துப் பார்த்தும் ஈரமே இல்லை. அந்த எஞ்சினில் எண்ணெய்க் குழாயைத் திறந்தால் திரும்ப மாட்டியபின் காற்றை முறைப்படி வெளியேற்றியாக வேண்டும், அதைத் தவிர்க்கவே முடியாது.

குழாய் நேராக கேஜுக்குப் போகும் பழைய வகை வைத்திருப்பவர்களுக்கு: எஞ்சின் பக்க முனையில் ஊசித்துளை உள்ள ஓர் இணைப்பு இருக்க வேண்டும். குழாய் உடைந்தால் எண்ணெய் மொத்தமும் காலடியில் கொட்டாமல் இருக்க அது, முள் நடுங்காமல் இருக்கவும் அதுதான். யாராவது சாதாரண இணைப்பை மாட்டிவிட்டால் முள் விடாமல் அதிரும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் ஸ்டார்ட் செய்தபின் முள் சோம்பேறித்தனமாக எழும். அது துளையா, நிஜமாகவே பிரஷர் இல்லையா என்று உட்கார்ந்து ஆராயாதீர்கள், 30 நொடியில் பிரஷர் காட்டவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது அதிகமில்லை. முள் ஏதாவது செய்தால் கூட வருபவர் போனில் வீடியோ எடுக்க வேண்டும், ஆயில் பிரஷர் மட்டுமல்ல, வெப்பநிலை, ஆர்பிஎம், அம்மீட்டர் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும்படி. தனியாகப் பறந்தால் போனைத் தொடாமல் இறங்கியபின் குறித்துக்கொள்ள வேண்டும். வீடியோவை மெதுவாக ஓட்டினால் துள்ளலா அலையா என்று தெரிந்துவிடும், மற்ற மின் கேஜ்களும் சேர்ந்து அசைந்தால் அது பொது எர்த்தோ மின்னழுத்தமோ என்றும் தெரிந்துவிடும். நோட்டில் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: க்ரூஸில் (நேராக ஒரே உயரத்தில் பறக்கும்போது) பிரஷர், ஆயில் வெப்பம், இறங்கியபின் சூடான ஐடிலிங் பிரஷர். எண்ணெய் மாற்றிய தேதி முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்.

வால்வு வேலை முடிந்து முதல் பறப்பை ரன்வேக்கு மேலேயே ஒரு மணி நேரம் சுற்றி முடித்தேன். முள் 76-ல் நின்றது, இறங்கியபின் சூடான ஐடிலிங்கில் 38. பத்து மணி நேரம் கழித்து ஃபில்டரை மறுபடி அறுத்துப் பார்த்தோம், ஓரிரண்டு கரித்துகள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. லேண்டிங் லைட்டைப் போட்டால் ஆயில் பிரஷர் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்து ஒரு முள்ளகலம் நகர்கின்றன, அணைத்தால் திரும்பிவிடுகின்றன. எஞ்சினையும் விமான உடலையும் இணைக்கும் எர்த் பட்டை பழசாகிவிட்டது என்கிறார் எஞ்சினியர். புதுப் பட்டை வந்துவிட்டது, சனிக்கிழமை மாட்டுகிறோம். டெஃப்லான் டேப்பை அவர் என் கண்ணில் படாமல் எங்கோ எடுத்து வைத்துவிட்டார்.